பொய் சொல்லாதவர்களின் அழைப்பு

"உங்க நலக்காப்பு இன்னிக்குச் சாயங்காலத்தோட காலாவதி ஆகுதும்மா" என்று போனில் அந்த ஆள் சொல்லி முடிப்பதற்குள், நிரோஷாவின் வலது காதுக்குப் பின்னால் சுள்ளென்று குத்தியது.

"ஐயையோ, அப்படிங்களா? இப்ப நான் என்னங்க பண்றது?"

"பதறாதீங்க. உங்க காப்பு எண்ணை மட்டும் சொல்லுங்க, நானே புதுப்பிச்சுத் தர்றேன். காப்பு ஆணையத்திலிருந்துதான் பேசறேன்."

மறுபடியும் சுள்.

"தம்பி, நீங்க வாயத் திறக்கறப்பெல்லாம் நான் ஒரு குத்து வாங்கறேன். காது புண்ணாயிரும். வைங்க போனை."

முன்பெல்லாம் இப்படிப்பட்ட அழைப்புகள் நாள் முழுக்க வரும். இப்போது எப்போதாவது ஒன்று. தொழிலுக்குப் புதிதாக வந்த விவரம் தெரியாத திருடர்கள்தான் அறுபது தாண்டியவர்களைக் கூப்பிட்டார்கள். அந்த வயதில் இருந்த எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் அரசு ஒரு மெய்க்காட்டியை ஒட்டிவிட்டிருந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். பேசுகிறவரின் மூச்சு எங்கே தடுமாறுகிறது, தொண்டை எங்கே இறுகுகிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். தான் நம்பாத ஒன்றை ஒருவர் சொன்னால், கேட்பவரின் தோலில் குத்தும். நேரில் பேசினாலும் போனில் பேசினாலும் அப்படித்தான். தொண்டையே இல்லாத இயந்திரக் குரல்கள் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்ளும். உண்மை பேசினால் காது சும்மா இருக்கும்.

மெய்க்காட்டி வருவதற்கு முன்னால் வயதானவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மருத்துவச் செலவுக்காக இருக்கும் நலக்காப்பின் எண்ணைக் கறந்துகொண்டு, போடாத மூட்டுக்கும் வாங்காத சக்கர நாற்காலிக்கும் அவர்கள் பெயரில் பணம் எடுத்துவிடுவார்கள். நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் காப்பு காலியாகிவிட்டது என்று தெரியும்.

நிரோஷா அந்தக் காலத்திலும் ஏமாந்ததில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்களையும், தூங்குவதுபோல் நடித்தவர்களையும் பார்த்துப் பார்த்து, எல்லோரையும் சந்தேகப்படுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கோவை வடவள்ளியில் மூத்தவர்களுக்காகவே கட்டிய அடுக்ககத்தில் இருந்தாள். பால் பாக்கெட் போடுகிறவரிடம்கூட இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

எதிர்வீட்டு ஹசீனா அதற்கு நேர்மாறு. உக்கடத்தில் பேக்கரி நடத்தி, கடன் கேட்டவர்களுக்கெல்லாம் பன்னும் ரொட்டியும் கொடுத்தே பழகியவள். அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் இருந்தது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நிரோஷாதான் துணை.

துருவன் வந்தது அந்தச் சமயத்தில்தான். முப்பது வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். 'விழிப்பு வட்டம்' என்ற தன்னார்வ அமைப்பிலிருந்து வருவதாகச் சொன்னான். காது சும்மா இருந்தது. நலக்காப்புக்குப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அதற்குரியவரைத் தவிர வேறு யாரும் அதிலிருந்து பைசா எடுக்க முடியாது என்றான். காது அப்போதும் சும்மா இருந்தது.

நிரோஷா அவனை உட்காரச் சொல்லவில்லை.

"இதுல உனக்கு என்ன கிடைக்குது?"

"சம்பளம் தர்றாங்கம்மா. சுமாரான சம்பளந்தான்."

"இது திருட்டு வேலையா இருக்குமோன்னு உனக்கு ஒரு தடவையாவது தோணியிருக்கா?"

"இல்லைங்கம்மா."

"உங்க அம்மாவுக்குப் போட்டு விட்டியா இந்தப் பூட்டை?"

"மொதல்ல போட்டதே அவங்களுக்குத்தானுங்க."

எதற்கும் குத்தவில்லை. "தலைவலின்னு படுத்துட்டேன், அதான் வரல" என்று பக்கத்து வீட்டார் சொன்னால்கூட லேசாகச் சுருக்கென்கிற சாதனம் அது. இவ்வளவு நேரம் ஒருவன் பேசி, ஒரு சுருக்குகூட இல்லை. நிரோஷா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்கள மாதிரி சந்தேகப்படறவங்கதாம்மா எங்களுக்கு வேணும்" என்றான் துருவன். "நாங்க கூப்பிட்டா சின்னப் பசங்கன்னு போனை வெச்சிடறாங்க. நீங்க எடுத்துச் சொன்னீங்கன்னா கேட்பாங்க."

அவளுக்கு அது பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய சந்தேகத்தைத் தொல்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவையாக ஒருவன் அது வேண்டுமென்று கேட்கிறான்.

மறுநாளே வேலை தொடங்கியது. பெயர்களும் போன் எண்களும் வந்தன. நிரோஷா கூப்பிட்டாள். தான் யார், எங்கே வேலை பார்த்தவள் என்று சொல்லி, எந்தெந்த வகையில் ஏமாற்றுகிறார்கள் என்று விளக்கிவிட்டு, பூட்டைப் பற்றிச் சொன்னாள். கேட்டவர்களின் காதுகள் சும்மா இருந்தன. காப்பு எண்ணைச் சொல்லி, தங்கள் குரலிலேயே 'சம்மதம்' என்று சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குக் குரல்முத்திரை என்று பெயர். கையெழுத்துக்குப் பதிலாக இப்போது அதுதான் செல்லும்.

ஹசீனா மட்டும்தான் இழுத்தாள்.

"எண்ணை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதானேக்கா நீங்களே சொல்லுவீங்க?"

"யாருகிட்டயோவா சொல்ற? எங்கிட்டதானே சொல்ற. உன் காது என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறமென்ன? ஆபரேஷன் நேரத்துல எவனாவது எடுத்துட்டுப் போயிட்டா என்ன பண்ணுவ?"

ஹசீனா சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னாள். "சம்மதம்" என்றாள்.

அறுவை சிகிச்சைக்குச் சேரப் போன அன்று, ஆஸ்பத்திரி முகப்பில் இருந்த பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷத்துக் காப்பு முழுசா முடிஞ்சிருச்சுங்களே."

"இருக்காதும்மா. நாங்க பூட்டு போட்டிருக்கோம்" என்றாள் நிரோஷா.

"பூட்டா? அப்படி ஒண்ணு கிடையாதுங்க. இவங்க குரல்முத்திரை குடுத்து, ஒரு மருத்துவ மையத்துக்கு உரிமை மாத்தியிருக்காங்க. ரெண்டு காலுக்கும் செயற்கை மூட்டு வெச்சதா எடுத்திருக்காங்க."

"நான் நடந்துதானேம்மா வந்தேன்" என்றாள் ஹசீனா.

நிரோஷா தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். முகப்புப் பெண் சொன்ன எதற்கும் அது குத்தவில்லை. தான் இத்தனை நாள் போனில் சொன்னதற்கு மற்றவர்களின் காதுகளும் இப்படித்தானே சும்மா இருந்திருக்கும் என்று அவளுக்கு உறைத்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சில வாரங்கள் மருந்தில் தள்ளலாம், அதற்கு மேல் காத்திருப்பது நல்லதல்ல என்றார்.

அங்கிருந்து நேராகப் பீளமேட்டுக்குப் போனாள். விழிப்பு வட்டத்தின் அலுவலகம் ஒரு மாடியறை. அவள் சொல்லச் சொல்லத் துருவனின் முகம் வெளுத்தது.

"எங்கம்மாவுக்கும் போட்டிருக்கேனுங்களே" என்றான்.

தன் மேலாளரை அழைத்து, நிரோஷாவுக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தான். மேலாளர் ஒரு பெண். பூட்டு உண்மைதான் என்று அடித்துச் சொன்னாள். காது குத்தவில்லை. அவளுக்கும் மேலே இருந்தவரைக் கூப்பிட்டார்கள். அவரும் சத்தியம் செய்தார். குத்தவில்லை.

"இவருக்கும் மேல யாரு?"

"நிறுவனருங்க. ஆனா அவர் பேச மாட்டாரு. எல்லாமே எழுத்துலதான். தொண்டையில ஆபரேஷனாம்."

"யாரு சொன்னது?"

துருவன் விழித்தான். "அவரேதான் எழுதியிருந்தாருங்க."

நிரோஷாவுக்கு விளங்கிவிட்டது. மெய்க்காட்டி பொய்யைப் பிடிப்பதில்லை, பொய்யரைத்தான் பிடிக்கிறது. எவனோ ஒருவன் ஒரே ஒரு பொய்யை எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் பேசினவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களாகப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறான். அதிலும் அவளைப்போல லேசில் எதையும் நம்பாதவர்கள் நம்பிவிட்டால், அவர்கள் குரலில் ஒரு பிசிறுகூட இருக்காது.

வீட்டுக்கு வந்து, தான் கூப்பிட்டவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டாள். பூட்டு என்பது பொய், ஏமாந்துவிட்டோம் என்றாள்.

"அன்னிக்கும் என் காது சும்மாத்தான் இருந்துச்சு. இன்னிக்கும் சும்மாத்தான் இருக்கு" என்றார் போத்தனூரில் இருந்த ஒருவர். "எந்த நிரோஷாவைங்க நான் நம்பறது?"

"ரெண்டு பேரையும் நம்பாதீங்க. காதையும் நம்பாதீங்க. உங்க காப்பு அட்டைக்குப் பின்னாடி ஒரு போன் நம்பர் இருக்கும். நீங்களே அதுக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. இனிமே யாரு எண்ணைக் கேட்டாலும் இப்படியே பண்ணுங்க."

அவர் கேட்டார். மிச்சமிருந்ததைக் காப்பாற்றிக்கொண்டார். சிலர் அதையும் கேட்காமல் வைத்துவிட்டார்கள்.

வழக்கு, காப்பு ஆணையத்தின் விசாரணை அதிகாரி யாழிசையிடம் போனது. பொறுமையான பெண். விசாரணை செய்கிறவர்களுக்கு வயது பார்க்காமல் மெய்க்காட்டி ஒட்டியிருந்தார்கள். துருவனிடமும், அவன் மேலாளரிடமும், அவளுக்கு மேலே இருந்தவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். நிரோஷாவிடமும் அதையே கேட்டாள்.

"நீங்க யாரையாவது ஏமாத்தினீங்களா?"

"இல்லைங்க" என்றாள் நிரோஷா.

யாழிசையின் கை சட்டென்று காதுக்குப் போனது.

"பதட்டமா இருக்கும்மா உங்களுக்கு. தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க."

நிரோஷா தண்ணீர் குடித்தாள். "நான் யாரையும் ஏமாத்தலைங்க."

அதிகாரி முகம் சுளித்தாள். அவள் பார்வையில் முன்பிருந்த கனிவு இல்லை. "மத்த மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க. ஒருத்தருக்கும் குத்தல. உங்களுக்கு மட்டும் ஏங்க குத்துது?"

ஏனென்று நிரோஷாவுக்குத் தெரியும். எண்ணைச் சொல்லத் தயங்கியவளை, நெஞ்சில் கோளாறு உள்ளவளை, பயமுறுத்திச் சொல்ல வைத்தது அவள்தான். அதை ஏமாற்றவில்லை என்று வாயால் சொல்லலாம், தொண்டை ஒத்துக்கொள்ளாது.

"ஒண்ணு கேட்கலாமுங்களா? ஹசீனாவோட காப்பு எப்பத் திரும்பும்?"

"குற்றவாளி யாருன்னு உறுதியாகணும். அதுவரைக்கும் அந்தக் கணக்கு அப்படியேதான் நிக்கும். மாசக்கணக்குல ஆகலாம், வருஷமும் ஆகலாம்."

"உறுதியாயிட்டா?"

"அந்தக் குரல் வாங்கின முத்திரையெல்லாம் அன்னிக்கே ரத்தாயிரும்."

நிரோஷா தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"ஹசீனாவை நான்தான் ஏமாத்தினேன்."

யாழிசையின் காது சும்மா இருந்தது.

"என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? இதை நான் அப்படியே பதிவு பண்ணணும்."

"புரியுதுங்க. மத்தவங்களையும் நான்தான் ஏமாத்தினேன். பண்ணிக்கங்க."

அதற்கும் குத்தவில்லை. சட்டத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஹசீனாவின் காப்பு அன்று மாலையே திரும்பியது. நிரோஷா கூப்பிட்ட மற்றவர்களுக்கும் திரும்பியது. வயதை முன்னிட்டு அவளுக்குச் சிறை இல்லை. அவளுடைய குரலைப் பொய்க்குரல் பட்டியலில் சேர்த்தார்கள். இனி அவள் எதைப் பேசினாலும், உண்மையே பேசினாலும், கேட்பவரின் மெய்க்காட்டி குத்தும்.

குற்றவாளி கிடைத்துவிட்டதால் வழக்கை மூடினார்கள். எழுதியவனை யாரும் தேடவில்லை. சில நாட்களில், 'காப்புக் கவசம்' என்றொரு தொண்டுக்கு மதுரையில் நேர்மையான ஆட்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு வந்தது. வேலைக்குச் சேர்கிறவர்களுக்குத் தலைவர் எழுத்து மூலமாகவே பயிற்சி தருவார் என்றிருந்தது.

ஹசீனாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சாதாரண அறைக்கு மாற்றிய பிறகுதான் நிரோஷாவை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலருகில் நின்றாள். போர்வையைச் சரிசெய்தாள். வாய் திறக்கவில்லை.

"ஏங்க்கா பேச மாட்டேங்கறீங்க?" ஹசீனாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "கோவமா?"

இல்லை என்று நிரோஷா தலையை மட்டும் ஆட்டினாள்.

"டாக்டர்கிட்டப் பேசினீங்களா? என்ன சொன்னாரு?"

"நல்லா…"

ஹசீனா முகத்தைச் சுளித்து, ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிக் காதைப் பொத்தினாள். நிரோஷா பாதியிலேயே நிறுத்திக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நில்லுங்கக்கா."

ஹசீனாவின் விரல்களில் வலு இல்லை. காதுக்குப் பின்னால் நகத்தை விட்டு நெம்பி நெம்பி, கடைசியில் அந்த அரிசி மணியைப் பிய்த்தெடுத்தாள். மாத்திரைத் தட்டில் போட்டாள். பிய்த்த இடத்தில் தோல் சிவந்திருந்தது.

"இப்பச் சொல்லுங்க. என்ன சொன்னாரு?"

"நல்லா மூடுதாம் வால்வு. பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னாரு."

ஹசீனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை, வாயை, மறுபடியும் கண்ணை.

"நெசமாவா?" என்றாள்.