மடியில் ஈர மணல்

கல் பெண்ணின் மடியில் மறுபடியும் மணல் கிடந்தது. காற்று போட்டிருக்கும் என்று சிலைத் தோட்டத்துக் காவல்காரர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் காற்று கொண்டுவரும் மணல் காய்ந்து வெளுத்திருக்கும். இதுவோ கறுத்து, ஈரமாய், அழுகிய பாசி நாற்றத்தோடு, மணல்மேட்டின் அடிவயிற்றிலிருந்து அள்ளிவந்தது போல் இருந்தது. காற்றுக்கு மண்வெட்டி கொடுத்தது யார்?

தோட்டம் இருந்த அந்தக் கடற்கரை மணல்மேடுகள் ஓரிடத்தில் நிற்காதவை. அதனால் சிலைகளைப் பலகைமேல்தான் வைக்க வேண்டும். மேடு நகர நகரச் சிலையையும் நகர்த்த வேண்டும். அதற்கு அலுத்துக்கொண்டு, மணலைப் பிடித்திருந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கல் பெண்ணுக்கு அடியில் சிமென்ட் போட்டவர் அவர். மேடு நகர்ந்தது, சிமென்ட் நகரவில்லை. அடியில் விழுந்த பள்ளத்தைப் பார்க்க, அவரோடு வேலை செய்த தங்கை புருஷன் இறங்கினான். மணல் சரிந்து அவனை மூடியது. ஆளைக் கூப்பிட்டுத் தோண்டினால் சிமென்ட் தெரிந்துவிடும். அவர் தோண்டவில்லை.

மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போய்விட்டார் என்று தங்கையிடம் சொன்னார். என்னிடம் சொல்லாமலா என்று அவள் கேட்டபோது, உன் வாய்க்குப் பயந்துதான் என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் அதிர்ந்து பேசுவதில்லை.

ஈர மணல் கிடந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தங்கை, அவர் தடுப்பதற்குள் கல் பெண்ணின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அலைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. நகம் சிமென்டைச் சுரண்டுகிற சத்தம். நிதானமாய், தினக்கூலிக்காரனைப் போல இடையிடையே ஓய்வெடுத்துக்கொண்டு.

"எழுந்திரும்மா, ஈரம்."

"முடியலண்ணே. கால யாரோ பிடிச்சிருக்காங்க."

ஓடிப்போய் அவள் கைகளைப் பற்றி இழுத்தார். வரவில்லை. முழங்கால் வரை மணல். பிறகு இடுப்பு.

அவள் கத்தவில்லை. "அவரு கைதான் இது. எனக்குத் தெரியாதா?"

குனிந்து மணலில் காதை வைத்தாள். கேட்டாள். ம் கொட்டினாள். சுரண்டல் நின்றது.

நிமிர்ந்தாள். காதிலிருந்து கறுத்த மணல் வழிந்தது. இப்போது அவள்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"நீ மேல இருந்து தோண்டிட்டு வர்றேன்னு நினைச்சுதான் அவரு கீழ இருந்து தோண்டிட்டு இருக்காராம். வந்து நீயே சொல்லுண்ணே."

மணல் அவள் கழுத்தைத் தாண்டியது. வாயை மூடியது. கண்ணை மூடியது.

பிடி மட்டும் தளரவில்லை.