கடைசித் துண்டு உனக்கு

"பெட்டியைப் பிரிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"எனக்கு வேற வேலை இல்லையா? உங்க பொம்மையை நான் எதுக்குங்க தொடப் போறேன்?"

"அப்போ யாரு கட்டினது? அதுவா எழுந்து உட்கார்ந்து தன்னைத்தானே கட்டிக்கிச்சா?"

"கத்தாதீங்க. எதிர் வீட்டு ஆன்ட்டி கதவுக்குப் பின்னாடிதான் நிப்பாங்க."

எதிர் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை. ஆனால் அவள் என்னைப் பற்றிச் சொன்னது அநியாயம். நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியிலேயே வந்து நின்றிருந்தேன். கையில் சுவர்க் கடிகாரம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்தான். ஆனால் "பேட்டரி இருக்குமாப்பா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைய வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது.

உள்ளே மேசை மேல் அது நின்றது. வான்காவலனின் விண்கலம். நீலமும் சிவப்பும் பிளாஸ்டிக் கட்டைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து, இறக்கை விரித்து, மேலே முகமூடியும் மேலங்கியுமாகக் கட்டைவிரல் அளவு வான்காவலன். உலகத்தையே காப்பாற்றுகிறவன் என்று பெட்டியில் போட்டிருந்தது.

எல்லாம் முடிந்திருந்தது, ஒன்றைத் தவிர. மூக்கு நுனியில் விளக்கு இருக்க வேண்டிய இடம் காலி. அந்தத் துண்டு, நகத்தளவு மஞ்சள் கண்ணாடி மாதிரி ஒன்று, அவன் நாற்காலிக்கு நேர் எதிரே மேசையில் தனியாக வைக்கப்பட்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பேட்டரி ஞாபகம் போய்விட்டது.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவனை விமர்சகர் என்றுதான் கூப்பிடுவோம். பாதி மரியாதை, பாதி நக்கல். பொம்மைக் கம்பெனிக்காரர்கள் இந்த மாதிரி கட்டைப் பெட்டிகளைக் கடைக்கு அனுப்பும் முன்பே இவனுக்கு அனுப்புவார்கள். பிரித்து, கட்டி, வீடியோ எடுத்து, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வான். பார்க்கிறவர்களில் குழந்தைகளைவிடக் குழந்தைகளின் அப்பாக்கள்தான் அதிகம்.

வீடியோ முழுக்க ஒரு மேசை, இரண்டு கைகள், இவன் குரல். அவ்வளவுதான். குரல் இவனுடையது. கைகள் இவனுடையவை அல்ல.

அவை இவன் அக்காவின் கைகள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பியின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவாள். மணிக்கட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். அந்த வாசனை எங்கள் வீடு வரை வரும். இவன் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினால் குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கும். அவள் ஒட்டினால் அச்சடித்தது போலிருக்கும். எல்லாவற்றையும் கட்டி முடித்து ஒரே ஒரு துண்டை மட்டும் மிச்சம் வைத்து, இவன் நாற்காலிக்கு எதிரே நகர்த்துவாள்.

"கடைசித் துண்டு உனக்குடா."

அப்போதுதான் இவன் முகத்தைக் காட்டுவான். அதை 'டக்' என்று அழுத்தி, மதிப்பெண் சொல்லிவிட்டு, "அடுத்த வீடியோவில் சந்திப்போம்" என்று சிரிப்பான்.

அவள் இவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "ஒரு தடவை சொல்லுடா, இது எங்க அக்கா கைன்னு. பேரு கூட வேணாம்." அதற்கு இவன் வாடிக்கையாகச் சொன்ன பதில், "அடுத்த வீடியோல சொல்றேன்கா."

அந்த அடுத்த வீடியோ வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மேசையிலேயே தலை சாய்ந்தபடி. வான்காவலனின் கோபுரம் என்றொரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அன்று. நெஞ்சுவலி. "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்ததை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு இவன் மேசைப் பக்கமே போகவில்லை. சாப்பாடு கூட என் வீட்டில்தான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுப் போவான். பிறகு கல்யாணம் ஆயிற்று. வந்தவள் இவன் வீடியோக்களின் ரசிகை. "எவ்வளவு பொறுமையான கை!" என்று கையைப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். வந்த பிறகு இவன் விரல்களில் கடித்துக் குதறிய நகங்களைப் பார்த்துத் திகைத்தாளாம். கேட்டதற்கு, "அக்கா கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவா" என்றானாம்.

கொஞ்சம்!

இப்போது அவள் தூண்டுதலில்தான் மறுபடி ஆரம்பித்திருந்தான். பெட்டி வந்தது. பிரிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு இருவரும் ஒரு விருந்துக்குப் போனார்கள். திரும்பி வந்தால், மேலே சொன்ன சண்டை.

அன்றைக்கே அவள் விண்கலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. புருஷன்தான் விளையாடுகிறான் என்று அவளுக்குச் சந்தேகம்.

மறுநாள் மத்தியானம் அவன் வெளியே போயிருந்த நேரம் என் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வந்து உட்காருங்களேன்."

"ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வந்து கேளுங்க."

நல்ல வெயில். கீழே யாரோ காரைக் கழுவும் சத்தம். ஹாலில் மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். பூட்டிய அறைக்கு எதிரே இருவரும் சோபாவில் உட்கார்ந்தோம். பேய்க்கதை என்றால் இருட்டும் மழையும் வேண்டும் என்று நினைத்திருந்தவள் நான். அந்த வீட்டில் கண் கூசும் வெளிச்சம். அதில் ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை.

முதலில் வாசனைதான் வந்தது.

தைலம்.

பிறகு கட்டைக் குவியலில் கைவிட்டுத் துழாவும் சத்தம். சலசலவென்று. நின்றது. மறுபடி துழாவல். தேடியது கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

டக்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவசரமே இல்லாத சத்தம் அது. பொறுமையாக, ஒவ்வொன்றாக.

டக்.

டக்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, ஒன்றை மட்டும் மேசை மேல் மெல்ல நகர்த்துகிற உரசல்.

அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் பூட்டைத் திறந்தாள். டேப் பிரிந்து கிடந்தது. விண்கலம் இறக்கை விரித்து நின்றது. ஸ்டிக்கர்கள் அச்சடித்தது போல் நேராக. மஞ்சள் துண்டு அவன் இடத்துக்கு எதிரே. அக்கா உட்காரும் இடப்பக்க நாற்காலி மட்டும் லேசாக வெளியே இழுக்கப்பட்டிருந்தது. எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே, அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு ஆன்ட்டி" என்றாள் கிசுகிசுவென்று. ஃபோனை எடுத்து, ஹெட்போனை என் காதில் மாட்டினாள். அந்தப் பழைய வீடியோ. வான்காவலனின் கோபுரம். அக்கா செத்த அன்று எடுத்தது. "நேத்து ராத்திரி இதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில கேளுங்க. அவர் பேசறதைக் கேட்காதீங்க. அதுக்கு அடியில."

கடைசிக் காட்சி. இவன் முகம் சிரிக்கிறது. "கட்டுமானம் அருமை. ஸ்டிக்கர் கொஞ்சம் அதிகம். என் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது." அதற்கு அடியில், மிக அருகில், வேறொன்று.

மூச்சு.

இழுத்து இழுத்து, நடுவில் தடைப்பட்டு, யாரோ மேசை மேல் கன்னம் வைத்து விடுகிற மூச்சு.

இவன் கோபுரத்தின் கடைசித் துண்டை எடுக்கிறான். அழுத்துகிறான். டக்.

அதற்குப் பிறகு மூச்சு இல்லை.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினேன். வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தே புரிந்துகொண்டான்.

"அக்கா தூங்குறான்னு நினைச்சேன்" என்றான்.

"நினைச்சீங்களா?" என்றாள் மனைவி. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"முதல்ல அப்படித்தான்..."

"அப்புறம்?"

"கூப்பிட்டேன். எழுந்திருக்கலை." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "காலையிலேயே நெஞ்சு வலிக்குதுன்னா. இந்த ஒரு பையில இருக்கிற கட்டையை மட்டும் கட்டிடுக்கா, போயிடலாம்னு சொன்னேன். எனக்கு முன்னாடி வேற யாராவது வீடியோ போட்டுட்டா போச்சு. வெளிச்சம் வேற போயிட்டே இருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு... அவ நாற்காலியை மட்டும் காமிராவுல விழாம கொஞ்சம் தள்ளி வெச்சேன்."

மனைவி நெடுநேரம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "இப்பவே காமிராவைப் போடுங்க. அது உங்க அக்கா கைன்னு சொல்லுங்க. அந்த மூச்சையும் சொல்லுங்க. ரெண்டையும் சொன்னா நான் இங்க இருக்கேன். மறைச்சீங்கன்னா என்னால முடியாதுங்க."

"கையைச் சொல்றேன். மூச்சைச் சொன்னா ஊரு என்னைக் காறித் துப்பும்மா."

"துப்பட்டும். நான் தொடைச்சு விடறேன்."

அப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள், சொல்லுங்கள்.

விளக்கைப் போட்டான். மைக்கைச் சரி செய்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் கதவோரம். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கியதும் குரலில் பழைய மெருகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "இத்தனை நாள் நீங்க பார்த்த கைகள் என்னோடது இல்ல. என் அக்காவோடது." அந்த இடத்தில் குரல் உடைந்தது. உண்மையாகவே அழுதான். எனக்கும் கண் நனைந்தது. சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன்.

மஞ்சள் துண்டை எடுத்தான். மூக்கு நுனியில் வைத்து அழுத்தினான்.

பொருந்தவில்லை.

திருப்பி வைத்து அழுத்தினான். கட்டைவிரல் வெளுக்கும் வரை அழுத்தினான். அளவெடுத்துச் செய்த பொருள், ஏறாமல் வழுக்கியது.

அப்போது அவன் இடப்பக்கத்திலிருந்து வந்தது.

மூச்சு.

ஹெட்போன் வேண்டியிருக்கவில்லை. இழுத்து இழுத்து, நடுவில் தடைப்பட்டு. மேசை விளிம்பில் வைத்திருந்த காகிதம் ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக அசைந்தது.

"பாருங்க" என்றாள் மனைவி, கெஞ்சுகிற மாதிரி. "அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பவில்லை. மூச்சு மெலிந்துகொண்டே போனது. அவன் கண் காமிராவிலேயே இருந்தது. பிறகு, எங்கிருந்தோ அந்தச் சிரிப்பு வந்தது.

"அடுத்த வீடியோவில் சந்திப்போம்" என்றான்.

மூச்சு நின்றது.

மனைவி சாயங்காலத்துக்குள் துணிமணியை எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். படி இறங்கும்போது என்னிடம் மட்டும், "ரெண்டாவது தடவை ஆன்ட்டி. ரெண்டாவது தடவையும் அக்காவைத் திரும்பிப் பார்க்காம விட்டுட்டாரு" என்றாள்.

பிறகு அவளுக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரோடு மறுமணம் ஆயிற்று. இந்த முறை கடைக்கே போய், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கையை நன்றாகப் பார்த்த பிறகுதான் சம்மதித்தாளாம். என் சுவர்க் கடிகாரத்தை அவரிடம்தான் கொடுக்கிறேன். அது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

அவன் வீடியோக்களையெல்லாம் அழித்துவிட்டு ஒற்றைப் பெட்டியோடு ஊரைவிட்டே போனான். எங்கோ குளிர்பதனக் கிடங்கில் வேலை என்று கேள்வி. நாள் முழுக்கக் கையுறை போட்டிருக்க வேண்டிய வேலை.

அந்த வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் தம்பதி குடிவந்தார்கள். பிள்ளைகள் இல்லை. போன வாரம் அந்த அம்மாள் என் கதவைத் தட்டி, உள்ளங்கையில் அந்த மஞ்சள் துண்டை வைத்து நீட்டினாள். "ஆன்ட்டி, உங்க பேரப்பிள்ளைங்க யாராவது வந்தாங்களா? இது எங்க சாப்பாட்டு மேசை மேல கிடக்கு. தூக்கிப் போட்டாலும் மறுபடி வருது."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். தைலம். அதை ஊசிநூல் டப்பாவில் போட்டு, மூடி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது அது என் மேசை மேல், அவன் சாப்பிட உட்காரும் அந்த ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே இருக்கிறது. நாற்காலியை நான் எடுத்துப்போய்ச் சுவரோரம் போட்டு வைத்தேன். காபி போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் யாரோ அதைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவன் வந்து உட்கார வசதியாக.

பக்கத்து நாற்காலி சூடாக இருக்கிறது.