துவர்க்காத கஞ்சி

குளியலறையில் மறுபடியும் எறும்பு மொய்த்திருந்தது. வெல்லமோ பூந்தியோ சிந்துகிற இடமா அது? குந்தவை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அடங்காத தாகத்துக்கு இன்னொரு சொம்பு குடித்தாள்.

“மழைக்காலம்ல, எறும்பு ஏறத்தான் செய்யும்,” என்றான் கணவன் பரணிதரன். “கஞ்சியைக் குடி. வாழைப்பூப் பொடி போட்டிருக்கேன். சுகர் இறங்கிடும்.”

எலிகளுக்கு வாழைப்பூ கொடுத்தால் சர்க்கரை குறைகிறதா என்று பார்ப்பதுதான் அவன் ஆராய்ச்சி. கல்லூரியில் இடமில்லை என்று கூண்டுகளை வீட்டுப் பின்னறைக்கே கொண்டுவந்துவிட்டான். முதலில் ஊசி போட்டுச் சர்க்கரையை வரவைப்போம், பிறகு பாதி எலிகளுக்குத்தான் வாழைப்பூ, மீதிக்கு வெறும் கஞ்சி என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவளுக்குச் சர்க்கரை வந்தபோது எவ்வளவு பரிவு! கட்டினவன் கையால் கஞ்சி குடிக்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கும்?

அந்தி மங்கியது. பூதலூர் வயல்களின் மேல் மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று. கூண்டுகளில் விரித்த ஈர உமியின் புளித்த வாடையும், எலிகள் தலைகீழாக மாட்டிய தண்ணீர்க் குப்பியின் குழாயை நக்குகிற கடகடச் சத்தமும் பின்னறையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்க, அவள் செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனாள்.

வாலில் மஞ்சள் சாயம் தடவிய எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றின் கிண்ணத்தில் பழுப்பு நிறக் கஞ்சி. பிடரியில் மஞ்சள் தடவியவை எலும்பும் தோலுமாகக் கிடந்தன. அவற்றுக்கு வெள்ளைக் கஞ்சி.

அவள் குடிப்பதும் வெள்ளைதான். ஒரு நாளும் துவர்த்ததில்லை. துவர்க்காத வாழைப்பூ உண்டா?

தலையில் பூ வைத்துவிட்டபோது பக்கத்து வீட்டு ராமாயி, “பிடரியில மஞ்சள் தேய்ச்சது போகவே இல்லையேக்கா,” என்றது நினைவுக்கு வந்தது. குளிக்கும் மஞ்சள்தான் என்று இவளும் சிரித்துவைத்திருந்தாள்.

செல்போனைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துப் படமெடுத்தாள். பார்த்தாள்.

வட்டமாக மஞ்சள் சாயம். எலிகளுக்கு இருப்பதுபோலவே.

சோர்வுக்குச் சத்து ஊசி என்று அவன் போட்டது. அதற்குப் பிறகுதான் தாகம். பாவி, நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டானே!

வெளியே தாழ் விழுந்தது.

“என்னங்க... கதவைத் திறங்க.”

“பயப்படாத. கஞ்சி அங்கயே வரும்.”

வெளிச்சத்தைத் திருப்பினாள். மூலையில் புது உமி. ஒரு பாய் அளவுக்கு. தலைமாட்டில், சுவரில் தலைகீழாக ஒரு தண்ணீர் கேன். அதன் குழாய் நுனியில் ஒரு சொட்டு.

அவளுக்குத் தாகமாக இருந்தது.