ஏழாவது வரி

துடைத்த பெயர் திரும்ப வந்திருந்தது. முழுசாக இல்லை, முதல் எழுத்தும் இரண்டாவதில் பாதியும். அவ்வளவுதான். தெல்மா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

போரில் செத்தவர்களை ஊரே நினைவுகூரும் நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, காலை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களில் படுத்திருந்த பனிமூட்டம் விமானக் கொட்டகையின் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, எண்ணெயும் பழைய ரப்பரும் நாறும் குளிரோடு கலந்துகொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து எங்கோ நீர் சொட்டியது. தலைக்கு மேலே, எண்பது வயது தாண்டிய போர் விமானம் மேபெல் தன் வயிற்றிலிருந்த குண்டறைக் கதவுகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நின்றது. அந்தக் கதவுகளின் உட்புறம் முழுக்கப் பெயர்கள். எல்லாம் தெல்மா எழுதியவை. போரில் பறந்து செத்தவர் பெயர் ஒன்றுக்கு ஐம்பது பவுண்டு நன்கொடை. மேபெல் பறக்கும்போதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே பறக்கும். கேக் விற்று, குலுக்கல் சீட்டு விற்று, ஓய்ந்துபோய் தெல்மா கண்டுபிடித்த யோசனை அது.

இந்த வருஷம் அதுவும் போதவில்லை. நான்கு இன்ஜினில் இரண்டு படுத்துவிட்டன. மேபெல் இனி பொம்மைதான் என்று எல்லோரும் கையைக் கழுவின நேரத்தில், ஈனிட் டோல் என்ற தொண்ணூற்றெட்டு வயதுக் கிழவி செத்துப்போய், குடியிருந்த வீட்டையே மேபெலுக்கு எழுதி வைத்திருந்தாள்; அதை விற்ற பணத்தில் இன்ஜின்கள் மறுபடி ஓடின. உயிலோடு ஒரு கடிதமும் இருந்தது. அவள் புருஷனோடு பறந்த ஆறு பேரும் ஒரே இரவில் விமானத்தோடு எரிந்துபோனார்கள். வால் கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த அவர் மட்டும் குதித்துப் பிழைத்தார். ‘அந்த ஆறு பேரையும் எழுதுங்கள். ஏழாவது வரியைக் காலியாக விடுங்கள். என் வீட்டுக்காரர் சாகும்வரை தன் பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்கவிட்டதில்லை. வேறு யார் பெயரையும் அங்கே எழுதிவிடாதீர்கள்.’

எழுதவில்லை. எழுதியதாகவே தெல்மா நினைக்கவில்லை. பெயர் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம், தூரிகையைப் பக்கத்தில் எங்காவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கைக்குப் பழகின பெயர் எதுவோ அதுதான் வரும். தெல்மாவின் கைக்குப் பழகின பெயர் அலஸ்டர். ஒரே மகன். மேபெல் பறக்கும்போது இன்ஜின்களைப் பார்த்துக்கொள்கிறவன். வியாழக்கிழமை அந்தக் காலி வரியில் அவன் பெயரை ஓட்டிப் பார்த்து, டர்பன்டைன் துணியால் உடனே துடைத்தும்விட்டாள். இரண்டு நிமிஷம் இருந்திருக்குமா? இருக்காது.

இப்போது மறுபடி துடைத்தாள். துணியில் ஒட்டிய வெள்ளை, அப்போதுதான் டப்பாவிலிருந்து எடுத்ததுபோல் ஈரமாக இருந்தது. வரி சுத்தமானது. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் அந்த வாடை வந்தது: நனைந்த கம்பளிச் சட்டை, மலிவான சிகரெட், அதற்கடியில் ஏதோ கருகின நெடி. மேலே, விமானத்துக்குள், ஒரு பூட்ஸ் கால் நகர்ந்தது. இன்னொன்று. முன்னாலிருந்து வால் பக்கமாக மெதுவாக நடந்து, கடைசியில் நின்றது.

"அலஸ்டர்?"

"இங்க இருக்கேம்மா." குரல் கொட்டகை வாசலிலிருந்து வந்தது. கையில் பன்றிக்கறி ரொட்டியோடு நின்றான். பக்கத்தில் விமானி ரூபர்ட்.

டார்ச்சைத் திருப்பினாள். ஏழாவது வரியில் அலஸ்டர் கட்ஃபோர்த். முழுசாக. அவள் கையெழுத்தில்.

ரூபர்ட் குனிந்து பார்த்துச் சிரித்தார். "என்ன தெல்மா, புள்ள உயிரோட நிக்கிறப்பவே கல்வெட்டு வெச்சாச்சா?"

அவள் மேஜைக் கத்தியை எடுத்துச் சுரண்டினாள். வெள்ளை உதிர்ந்தது. கதவின் பச்சைப் பூச்சும் உதிர்ந்தது. அடியில் வெறும் தகரம் தெரிந்தது, தகரத்திலும் அந்தப் பெயர்.

மகனின் சட்டையைப் பிடித்தாள். "இன்னைக்கு நீ ஏறாதடா. கண்ணு, எனக்காக."

"என்னம்மா நீ! நான் இல்லாம இன்ஜினை யாரு பாக்குறது? ஊரே சர்ச்சுக்கு முன்னாடி வானத்தப் பாத்துட்டு நிக்கப்போகுது. இன்னைக்குப் பறக்கலேன்னா அடுத்த வருஷம் எவன் பத்து பவுண்டு போடுவான்?"

"மேபெல் நாசமாப் போகட்டும். எனக்கு நீ வேணும்."

"வீடு வீடாப் போய்க் கேட்டது நீதானே?" அவள் நெற்றியில் முத்தம் வைத்தான். உதட்டில் ரொட்டியின் உப்பு. "இருபது நிமிஷம். சர்ச்சு மேல பூவக் கொட்டிட்டு வந்துடுவேன். தண்ணிய அடுப்புல வை."

நியாயம்தானே. கேட்டது அவள்தான். மழையில் நின்று, உண்டியலைக் குலுக்கி, வாய் வலிக்கச் சிரித்துக் கேட்டது அவளேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாளே, பாவி.

பதினோரு மணி மௌன அஞ்சலிக்குப் பிறகு மேபெல் நான்கு பேரோடு ஏறியது. தெல்மா தட்டில் நான்கு குவளைகளைக் கவிழ்த்து வைத்தாள். ஆட்கள் தரையிறங்கும் வரை குவளையை நிமிர்த்தக் கூடாது; நிமிர்ந்தால் அந்த ஆள் திரும்பமாட்டான். போர்க்காலத்திலிருந்து அந்தத் தளத்தின் வழக்கம். தூரத்தில் சர்ச் கோபுரத்துக்கு மேல் குண்டறைக் கதவுகள் திறந்தன. ஆயிரக்கணக்கான சிவப்புக் காகிதப் பூக்கள் சாம்பல் வானத்திலிருந்து இறங்கின. கதவின் உட்புறம் அந்த வரி இப்போது ஊரைப் பார்த்துத் திறந்து கிடக்கும்.

இன்ஜின் சத்தம் திரும்பி வந்தது. நான்கும் ஒழுங்காகப் பாடின. புல்லில் இறங்கி, உருண்டு, நின்றது. கடவுளே, கடவுளே என்று முணுமுணுத்தபடி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

காத்தாடிகள் நின்றன. கதவு திறந்தது.

ரூபர்ட் இறங்கினார். பின்னால் துணை விமானி. அப்புறம் வழி பார்க்கிறவர்.

தட்டில் ஒரு குவளை மட்டும் தானாகவே நிமிர்ந்திருந்தது. அவள் தொடவில்லை.

"எங்கே அவன்?"

ரூபர்ட் அவளுக்குப் பின்னால் தேடினார். "இறங்கிட்டான்னு நெனச்சேனே! பூவக் கொட்டினதும் பின்னாடி யாரோ கூப்பிடுறாங்கன்னு எழுந்து போனான். யாருடான்னு கேட்டேன். எல்லாரும் இருக்காங்கன்னான்."

வாலைப் பார்த்தாள்.

கண்ணாடிக் கூண்டு திரும்பிக்கொண்டிருந்தது. திருப்பும் குழாய்களைக் கழற்றிவிட்டதால் இருபது வருஷமாக அசையாமல் கிடக்கும் கூண்டு. மெதுவாக. அவள் பக்கம்.

உள்ளே அலஸ்டர். கழுத்துவரை பழைய கம்பளிச் சட்டை. கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே, வானத்தில், எதையோ பார்த்தான்.

"அலஸ்டர்!"

திரும்பவில்லை. அவனுக்குப் பின்னால் இருட்டில் பூட்ஸ் காலோசைகள். முன்பக்கம் போயின. ஒவ்வொன்றாக அதனதன் இருக்கையில் அடங்கின. ஆறு பேர்.

தட்டு விழுந்தது.

விமானி இருக்கையில் ஆள் தெரியவில்லை. குண்டறைக் கதவுகள் மூடிக்கொண்டன. முதல் காத்தாடி சுழலத் தொடங்கியது.