ஆமென் சொல்லும்வரை

ஜெனிக்கு வியர்க்கவில்லை.

கத்திரி வெயில் சேலையூரையே வறுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆகியும் மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. ஜோசலினுக்கு நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூத்தவன் ஜேசன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தரையில் புரண்டான். ஐந்து வயது ஜெனி மட்டும் ஏற்காட்டில் வாங்கிய ஸ்வெட்டரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கையைத் தொட்டால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட் மாதிரி இருந்தது.

"மலைக்குளிர் இன்னும் உடம்புல இருக்கும்போல. இந்த வெயில்ல குடுத்து வச்சவ," என்றான் அவள் கணவன் சத்தியநாதன்.

டாக்டரும் ஒன்றுமில்லை என்று சிரித்து அனுப்பிவிட்டார். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? ஜெனி வாய் ஓயாத பிள்ளை. லீவுக்கு மலைக்குப் போயே ஆகவேண்டும் என்று வீட்டை ஒரு வழி பண்ணியவள், ஏரியில் படகுக்காரரிடம் துடுப்பைப் பிடுங்கப் போனவள். இது பேசுவதே இல்லை. தட்டில் வைத்ததைத் தின்றது. காட்டிய இடத்தில் படுத்தது. 'இது' என்று நினைத்துவிட்டோமே என்று ஜோசலின் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"ஒரு தடவ திரும்பப் போய்ப் பாத்துட்டு வரலாம்ங்க," என்று நேற்றுகூடக் கெஞ்சினாள்.

"என்னத்தப் பாக்க? புள்ளைங்க ரெண்டும் இங்கதான இருக்கு?"



எல்லாம் மலையிறங்கும்போது நடந்தது. கொண்டை ஊசி வளைவில் ஜெனிக்குக் குமட்டியது. காரை ஓரங்கட்டி எல்லாரும் இறங்கினார்கள். பின்னாலேயே பனிமூட்டம் இறங்கியது, நனைந்த மண்ணும் தைலமர இலையும் கலந்த வாசனையோடு, ஓசையில்லாமல், முதலில் சாலையை, அப்புறம் காரை, கடைசியில் அவர்கள் கால்களை மூடியபடி. சத்தியநாதனுக்குப் பயம் வந்தால் ஜெபம் வரும். "கையப் புடிச்சுக்குங்க. ஜெபம் பண்ணிட்டுப் போலாம்," என்றான்.

அவன் ஜெபம் நீளம். சபையிலேயே கேலி பண்ணுவார்கள். பாதியில் ஜெனியின் கை நழுவியது. மூக்கைத் துடைக்கிறாளாக்கும் என்று ஜோசலின் நினைத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டி வளர்த்தவளே அவள்தான். பார்க்காமலே துழாவினாள். ஒரு சின்னக் கை வந்து ஒட்டிக்கொண்டது. சில்லென்று இருந்தது. மலையில் எல்லாமே சில்லென்றுதானே இருக்கும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தரம் பார்த்திருக்கலாம். அதற்காகக் கடவுள் கோபித்துக்கொண்டிருப்பாரா?

இப்போது குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தாகிவிட்டது. நால்வரும் உட்கார்ந்தார்கள். தாம்பரம் பக்கம் ரயில் கூவியது. "மலையிலிருந்து எங்கள் பிள்ளைகளைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்தீரே, ஸ்தோத்திரம்," என்று சத்தியநாதன் தொடங்கினான். ஜேசன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

ஜோசலினின் உள்ளங்கையில் அந்தக் குளிர்ந்த கை. மெல்ல இறுகியது. தைல இலை வாசனை. இந்த வீட்டிலா? இந்த வெயிலிலா?

வாழ்க்கையில் முதல்முறையாக, ஜெபத்தின் நடுவே, அவள் கண்ணைத் திறந்தாள்.

அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இமைக்கவில்லை. வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு தெரியவில்லை. வெண்மை. புகை மாதிரி. பனி.

"அம்மா."

ஜெனியின் குரல். உதடு அசையவில்லை. எங்கோ ஆழத்திலிருந்து, காற்றின் இரைச்சலுக்கு நடுவே வந்தது.

"அம்மா, அப்பா ஆமென் சொல்லிட்டாரா? குளிருதும்மா. நான் கண்ணத் தொறக்கவேயில்ல. இப்பத் தொறக்கலாமா?"

இத்தனை நாளும். அங்கேயே. நின்றுகொண்டு.

ஜோசலின் அந்த வாயருகே குனிந்தாள். முகத்தில் பனி அடித்தது.

"தொறந்துக்கோடா தங்கம். தொற. அம்மா இங்கதான் இருக்கேன்."

காற்று மட்டும் இரைந்தது. 

"இங்க யாரையுமே காணோமேம்மா."

சத்தியநாதன் கண்ணை மூடியபடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேயிருந்தான். அந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.