ஐந்து காலன் டேங்க்

காலி டேங்க் கனத்தது.

மூன்று நாளாக வெயிலில் கவிழ்த்து வைத்திருந்த பெட்ரோல் டேங்க். கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு, மூலை மூலையாக அரிகிருஷ்ணனே துழாவிப் பார்த்திருந்தான். துணி துருவோடு திரும்பியதே தவிர ஈரத்தோடு திரும்பவில்லை. இப்போது தரையிலிருந்து தூக்கினால் நிறைகுடத்தைத் தூக்குவது மாதிரி இடுப்பு இழுக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று, தூக்கத்தில் ஆள் புரண்டு படுப்பதுபோல, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மெல்ல நகர்கிறது. கவிழ்த்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நிமிர்த்தினான். மறுபடி புரண்டது.

"என்னப்பா, ஒரு டேங்க்கைத் தூக்கி வைக்க இவ்ளோ நேரமா?"

முக்காலியில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்த பத்ரிநாராயணன் தலையைத் தூக்கவில்லை. மேற்குத் தாம்பரத்துக்காரர், இன்ஷூரன்ஸ் அதிகாரி. பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து இந்தத் தகர ஷெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து நிற்கும் ஐம்பத்தொன்றாம் வருஷத்து மோரிஸ் மைனர் அவருடையது.

"கனக்குது சார். உள்ள இன்னாமோ கீது."

"உன் தலைக்குள்ளதான் ஒண்ணும் இல்லை. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பழைய கார் ராலி. மறந்துடாதே."

அரிகிருஷ்ணன் டேங்க்கை டொக்கென்று தரையில் வைத்தான்.

"இன்ஜின் அம்பாசடர்து. கியர்பாக்ஸ் அம்பாசடர்து. இது ஒண்ணு மட்டும் ஒரிஜினலா இருக்கணுமா சார்? ரெண்டு ஷீட்டு வாங்கினு வாங்க, புதுசா அடிச்சிக் குடுக்கறேன். இத்த வேணாம்."

"அதுல கம்பெனி நம்பர் இருக்கு. டிக்கியைத் திறந்தா ஜட்ஜ் முதல்ல அதைத்தான் பார்ப்பான். ஐந்து காலன் டேங்க், இந்தியாவுலயே இனிமே கிடைக்காது. நீ வெல்டு வைக்கிறதை மட்டும் பாரு."

ஒரு ஆள் செத்த டேங்க் அது. அதையே டிங்கரிங் ஆளிடம் கொடுத்து, உப்பிப் பிளந்த விலாவைத் தட்டி ஒட்டி, பச்சைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன். கூச்சமே இல்லாமல், அதே ஷெட்டுக்கு.

ஜூலையில் ஆரம்பித்த வேலை. டிக்கிக்கு அடியில் தொங்கிய டேங்க் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் உரசுகிறது, மேலே தூக்கிப் பின் சீட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்றார். டேங்க்கைத் தாங்கும் பழைய பட்டையை அறுத்துப் புதுப் பட்டை பற்றவைக்க வேண்டும். ஷெட்டில் அரிகிருஷ்ணன் மெக்கானிக், லாசரஸ் வெல்டர். பெட்ரோல் டேங்க் என்றால் லாசரஸ் ஒரே ஒரு கேள்வி கேட்பான். சோப்புத் தூள் போட்டுச் சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவியாகிவிட்டது என்று காதால் கேட்ட பிறகுதான் கேஸைத் திறப்பான்.

"கழுவியாச்சா சார்?"

"நானே கழுவிட்டேம்பா. ஆச்சு. ஆரம்பி."

டேங்க்குக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. அரிகிருஷ்ணன் பார்த்தான். படித்தவர், பெரிய மனுஷன், பொய்யா சொல்வார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

அப்புறம் அந்தச் சத்தம்.

போலீஸ் ஸ்டேஷனில் பத்ரிநாராயணன் துளியும் பதறாமல் சொன்னார். "என்னை ஒரு வார்த்தை கேக்காம பத்த வெச்சுட்டான் சார். இதோ, இவனைக் கேளுங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷெட் போய்விடும், தன்னையும் உள்ளே தள்ளுவார்கள் என்ற பயத்தில், "ஆமா சார்," என்றான் அரிகிருஷ்ணன். லாசரஸின் பெண்சாதி ஞானசௌந்தரி பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"பாத்துகினே இருந்தா வேலை ஆவாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு வாளியை எடுத்தான். "இந்தத் தபா நான் கழுவறேன். என் கையால."

"என்னமோ பண்ணித் தொலை."

அடிபம்பில் வாளியை நிரப்பி, புனல் வைத்து ஊற்றினான். பகல் வெளிச்சம் தகரத்தின் ஓட்டைகள் வழியாக டேங்க்கின்மேல் காசு காசாக விழுந்தது. ஐந்து காலன் என்றால் இருபத்திரண்டு லிட்டர் சொச்சம், இரண்டு வாளியும் கொஞ்சமும். இரண்டு ஊற்றினான். மூன்று. நான்காவது வாளியிலும் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவசரமாக, மடக் மடக்கென்று, தொண்டையில் இறங்குகிற சத்தத்தோடு. கீழே கையை விட்டுத் தடவினான். தகரம் உலர்ந்திருந்தது. அடியில் புழுதி.

ஏழு வாளி.

பெரியாஸ்பத்திரியில் லாசரஸை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். உதடு என்று ஒன்று இல்லை. அந்த வாயால் மூன்று நாளும் ஒரே வார்த்தைதான். "தண்ணி மச்சான். ஒரு வாய்." வாய்வழியாக எதுவும் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். அரிகிருஷ்ணன் தலைமாட்டில் டம்ளரை வைத்துக்கொண்டு கொடுக்காமலே உட்கார்ந்திருந்தான். குடிக்காமலே போய்விட்டான் லாசரஸ்.

ஒன்பது வாளி. புனலை எடுத்துவிட்டுக் குனிந்தான்.

டேங்க்கின் வாயிலிருந்து சூடாகக் காற்று வந்தது. போனது. வந்தது. பெட்ரோல் வாசனை இல்லை. மயிர் பொசுங்குகிற நாற்றம்.

ரோட்டில் லாரி ஒன்று போனது. சத்தமில்லாமல் போனது. அடுத்து ஒரு பஸ். அதற்கும் சத்தமில்லை.

"கழுவியாச்சா சார்?"

உள்ளேயிருந்து. தகரத்தில் முட்டி எதிரொலித்து. லாசரஸின் குரல்.

அரிகிருஷ்ணன்தான் கேட்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, பத்ரிநாராயணன் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

"ஆச்சுப்பா, ஆச்சு. எத்தனை தடவை சொல்றது? பத்த வை."

அதே வார்த்தை. அதே அலட்சியம். இவர் எங்கே கழுவினார்? முக்காலியைவிட்டு எழுந்திருக்கவேயில்லையே. அரிகிருஷ்ணனுக்குப் பயத்தையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

டேங்க் மூச்சு விட்டது.

"நீ சொல்லு மச்சான்."

ஆச்சு என்று சொல்லிவிடலாம். சொன்னால் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கப் போவது தன் கை. இல்லை என்றால்? அன்றைக்கு ஸ்டேஷனில் சொன்னது பொய் என்று ஆகும்.

"சொல்லு."

"இல்ல லாசு." டேங்க்கின் வாயைப் பார்த்துச் சொன்னான். "கழுவல. இவரு அன்னிக்கிக் கழுவவே இல்ல. தரை காய்ஞ்சி கெடந்துச்சி, நான் பாத்தேன். நீ கேட்டே. இந்த ஆளு பொய் சொன்னாரு. நானும் சொன்னேன்."

"யாருகிட்டடா பேசறே?" பத்ரிநாராயணன் பேப்பரை வீசிவிட்டு எழுந்தார். "குடிச்சிருக்கியா? போலீசுல எழுதிக் கொடுத்ததை இப்ப மாத்திப் பேசுவியா? உன்னை..."

பேச்சு நின்றுவிட்டது. ஒரு கை கழுத்துக்குப் போனது.

டேங்க்குக்குள் நீர் விறுவிறுவென்று ஏறி, விளிம்பில் வந்து அசையாமல் நின்றது. அவ்வளவுதான். மூச்சு இல்லை. நாற்றம் இல்லை. வெறும் தகரம்.

"அரி," என்றார் பத்ரிநாராயணன். "தண்ணி."

முக்காலி உருண்டது. அவர் காரின் மட்கார்டில் சரிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகம் சிவந்து, பளபளத்து, இறுகிக்கொண்டிருந்தது. நெருப்பு எங்கேயும் இல்லை. சிலிண்டர்கூட இன்னும் திறக்கவில்லை.

"தண்ணிப்பா. ஒரு வாய்."

அரிகிருஷ்ணன் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்தான். முழு வாளி. அண்ணாந்த வாயில் ஊற்றினான். எல்லாம் இறங்கியது. சட்டை நனையவில்லை. இரண்டாவது வாளி. மூன்றாவது. விரல் நுனிகள் கறுத்தன. தோல் சுருண்டது. கண் மட்டும் அப்படியே, கெஞ்சிக்கொண்டு.

"இன்னும்..."

"குடி சார்," என்றான் அரிகிருஷ்ணன். அழுகிறானா, திட்டுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. "குடி. நான் குடுக்கறேன். குடி."

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஓடிவந்து ஷெட் வாசலில் நின்றார்கள். உள்ளே வர ஒருத்தருக்கும் கால் எழவில்லை. பம்புக்கும் அவருக்கும் நடுவே அரிகிருஷ்ணன் ஓடினான், ஓடினான். எத்தனையாவது வாளியோ. மேலும் சாய்த்து ஊற்றுவதற்காகக் குனிந்தபோதுதான் அந்த வாய்க்குள் பார்த்தான்.

தொண்டையின் அடியில், விழுகிற தண்ணீருக்குக் கீழே, ஊசி முனையாக, நீலமாக, வெல்டிங் சுடர் ஒன்று ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.