பூக்க விட்ட தேயிலை

மிதித்துவிட்டாள்!

வேண்டுமென்றா மிதித்தாள், பாவம்... கொட்டுகிற மழை. ஹாலிஎல சந்தியில் பதுளை பஸ் நின்றும் நிற்காமலும் உறுமிக்கொண்டிருந்தது. முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ என்று கண்டக்டர் சிங்களத்தில் விரட்ட, நனைந்த குடையோடு விதுஷா உள்ளே காலை வைத்தாள். வைத்த இடத்தில்தானா அது இருக்க வேண்டும்?

"ஐயோ... காலை எடுங்க! காலை எடுங்க!"

பதறி எடுத்தாள். கறுப்புப் பொலித்தீன் பையில் ஒரு சின்னக் கன்று, இடுப்பு ஒடிந்து கிடந்தது. அதன் பின்னால் இன்னும் ஒரு வரிசைக் கன்றுகள். அவற்றுக்கெல்லாம் காவல் மாதிரி ஒருத்தன் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"காட்டு நெல்லிங்க அது. முளைக்க வைக்கவே உசுரு போயிரும்."

"இது பஸ்ஸா, தோட்டமா? நடக்குற வழியில வச்சா மிதிக்காம பறந்தா போவாங்க?"

"பறக்க வேணாம்... குனிஞ்சு பாத்திருக்கலாம்."

கோபப்பட்டால் திருப்பிக் கோபப்படலாம். இவனோ சிரித்துக்கொண்டே சொல்கிறான்! அதுவும் எப்படிப்பட்ட கண்கள்... மழைக்கு நனைந்த கருங்கல் மாதிரி, கறுப்பாய், பளபளவென்று. 'சீ, எதுக்கு நீ அதையெல்லாம் பாக்குற?' என்று தன்னையே அதட்டிக்கொண்டு விதுஷா எதிர் சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தாள். திரையில் ஒரு மயில் டிசைன்.

கழுத்து நீண்டு வந்தது, அந்தப் பக்கத்திலிருந்து.

"அது என்ன, மயிலா?"

"ஏன், மாடு மாதிரி தெரியுதா?"

"இல்ல... கழுத்து சுளுக்கின மாதிரி இருக்கு. நீங்க நேர்ல மயில் பாத்திருக்கீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதுளை பஸார் வீதியில் லரீபா அக்காவின் தையல் கடையில், கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்வதுதான் விதுஷாவின் தொழில். இந்த மூன்று வருடமாக மயில், மாங்காய், தாமரை என்று போனில் பார்த்ததைத்தான் தைக்கிறாள். கேட்டால் உண்மை அதுதான். ஆனால் முகம் தெரியாத ஒருத்தன் அதை பஸ்ஸில் வைத்துச் சொல்லலாமோ?

இறங்கும்போது அவன் மெல்லச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க. நிஷாந்த் என் பேரு. ஹாலிஎலயில ரோட்டோரம் பச்சை வலை போட்ட நாத்துமேடை இருக்கே, அது என்னுதுதான். ஒரு நாளைக்கு வாங்க, கைக்கு எட்டுற தூரத்துல எவ்வளவோ இருக்கு."

'வருவாங்களாம்... நினைப்புத்தான்!' என்று முணுமுணுத்தபடி மழைக்குள் ஓடினாள் விதுஷா. அன்று முழுக்க நூல் கோக்கும் போதெல்லாம் அந்தக் கறுப்புக் கண்கள் ஊசிக் காதுக்குள் நின்று சிரித்தன என்பதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

அந்த வாரமே வந்தது சோதனை.

ஸ்பிரிங்வெளி தோட்டத்திலிருந்து தனுஜா என்று ஒரு பெண், தை மாதக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் கொடுக்க வந்தாள். "அக்கா, மயில் வேணாம், தாமரை வேணாம். யாருமே போடாத ஒண்ணு போட்டுத் தாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

யாருமே போடாத ஒன்று! சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தாள் விதுஷா. பென்சில் ஓடவில்லை. உள்ளுக்குள் எதுவுமே இல்லை.

"கட்டுநாயக்கவுல சித்தி கார்மெண்ட்ல வேலைக்குச் சொல்லி வச்சிருக்காங்கக்கா" என்றாள் லரீபா அக்காவிடம். "இந்த ஜாக்கெட்டும் சரி வரலேன்னா நான் போயிர்றேன். அங்க யாரும் எங்கிட்ட புதுசா எதுவும் கேக்க மாட்டாங்க."

"விசர்க் கதை கதைக்காத புள்ள" என்று லரீபா அக்கா அதட்டினாள். அதட்டினாளே தவிர, அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விதுஷாவின் கால்கள் பச்சை வலையைத் தேடிப் போயின. 'ஒடிச்ச கன்னுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் போறேன்' என்று வழி நெடுகத் தனக்குத் தானே சமாதானம் வேறு!

நிஷாந்த் அவளைக் கண்டதும் கையில் இருந்த பூவாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். தண்ணீர் அவன் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

"கன்னுக்கு ஊத்துங்க... உங்களுக்கு ஊத்துனா வளர மாட்டீங்க."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அடேயப்பா, ஆம்பிளை வெட்கப்பட்டால் இவ்வளவு அழகா இருக்குமா?

தன் பேரையும் ஜாக்கெட் கதையையும், அது சரி வராவிட்டால் கட்டுநாயக்க போகப்போவதையும் அவள் சொன்னாள். அவன் நாற்றுமேடைக்குப் பின்னால் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போனான். மேலே, மண்ணில் வெடிப்பு விழுந்ததால் தோட்டத்தார் கைவிட்ட ஒரு மலை. கொழுந்து எடுக்க யாரும் வருவதில்லை. சரிவு இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்த அங்கேதான் நிஷாந்த் தன் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தான்.

"நிமிந்து பாருங்க."

பார்த்தாள். இடுப்பளவு உயரத்தில் மட்டமாய் வெட்டி வைத்த தேயிலையைத்தான் அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இங்கே தேயிலை மரமாகி, தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. இலைகளுக்கு அடியில்... வெள்ளை வெள்ளையாய்... நடுவில் மஞ்சள் குஞ்சத்தோடு... தலையைக் குனிந்துகொண்டு ஆயிரமாயிரம் பூக்கள்! தேனீக்களின் ரீங்காரத்தில் மலையே முணுமுணுத்தது.

"தேயிலைக்குப் பூ இருக்கா..." என்று ஒரு கொப்பை விலக்கிப் பார்த்தாள்.

"விட்டா பூக்கும்."

தூறல் விழுந்தது. ஒரு பூ கழன்று அவள் தோளில் உட்கார்ந்தது. அதை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டிய நிஷாந்த், தொடத் தயங்கிக் கையை இழுத்துக்கொண்டான்.

"எனக்கு ஊரு மீரியபெத்தங்க" என்றான் சரிவைப் பார்த்தபடி. "மண்ணு சரிஞ்சப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். அம்மா லயத்து வீட்டுக்குள்ள இருந்தாங்க. அவங்க ஒருத்தங்கதான் எனக்கு... ரொம்ப நாள் மலைன்னாலே வெறுப்பு எனக்கு. ஒரு நா இந்தப் பக்கம் வந்து, இதுக்கு அடியில நின்னேன். அம்மா நாள் பூராவும் கிள்ளிக்கிட்டே இருந்த செடிக்குள்ள இவ்வளவு இருந்திருக்கேன்னு அழுதுட்டேன். அன்னையிலேர்ந்துதான் கன்னு போடுறேன்."

 விதுஷா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மழை வலுக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் கை ஓய்ந்தால்தானே! வெள்ளைப் பட்டு நூலில் இதழ், மஞ்சள் மணியில் குஞ்சம், ஓரத்தில் பச்சைக்குள் பச்சையாய் இலை... பென்சில் கோடுகூடப் போடாமல் நேராக ஊசியாலேயே வரைந்தாள். சாப்பிட மறந்தாள். பாட்டு முணுமுணுத்தாள். லரீபா அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இது துணியா, மலையா புள்ள?" என்றாள். இனி கட்டுநாயக்க எதற்கு? தனக்குள் ஊற்று இருக்கிறது என்று முதல் முறையாக நம்பினாள் விதுஷா.

ஜாக்கெட்டைப் பார்க்க மணப்பெண்ணின் அம்மா விஜயலெட்சுமி வந்தாள். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்துக் கூடை சுமந்த தோள். துணியை விரித்துப் பார்த்தவளின் முகம் மாறியது.

"என்னாடி இது? தேயிலைப் பூவா?"

"ஆமாங்கம்மா..."

"உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? தேயில பூத்துச்சுன்னா என்னா அர்த்தம் தெரியுமா? ஆள் இல்ல, வேல இல்ல, மல பாழாப் போச்சுன்னு அர்த்தம்! எங்க மலையில ஒத்தப் பூ தெரிஞ்சா கங்காணி காலைப் பெரட்டுல எல்லாரு முன்னாலயும் நிறுத்தி வச்சு மானத்த வாங்குவாரு. மாலை ஏறுற கழுத்துல பாழ் மலையத் தச்சு வச்சிருக்கியே! பிரிச்சு எடு எல்லாத்தையும்!"

கடை முழுக்க ஆட்கள். விதுஷாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவளுக்கு இது எங்கே தெரியும்? ஆனால் அவனுக்குத் தெரியுமே... அவன் லயத்துப் பிள்ளையாச்சே!

அன்று மாலையே நாற்றுமேடையில் போய் நின்றாள்.

"தெரிஞ்சுதானே சொல்லாம விட்டீங்க?"

நிஷாந்த் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலை குனிந்தான். "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் தைக்கிறீங்கன்னு... தப்பு எம்மேலதான்."

அவன் அப்படி உடனே ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. வாய்க்கு வந்ததைக் கொட்டினாள். "உங்களுக்கென்ன? அழிஞ்சு போன எடந்தானே உங்களுக்கு அழகாத் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்து போனது.  பூவாளியை எடுத்துக்கொண்டு கன்றுகளுக்குள் போய்விட்டான்.

ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்கவிடவில்லையே அந்தப் பாழாய்ப்போன ரோசம்! அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, சித்திக்குப் போன் போட்டு, "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, பிரித்த துணியை வாங்கிப் போக விஜயலெட்சுமி மறுபடி வந்தாள். ஜாக்கெட் சட்டத்தில் அப்படியே இருந்தது. பிரிக்க மனம் வராமல் விதுஷா அதைத் தொடவேயில்லை.

"இன்னமும் பிரிக்கலியா?"

"இப்பப் பிரிச்சிர்றேம்மா." கழுத்தோரமாய் வரும் ஒரு பூவின் அடியில் ஊசியை விட்டாள். முதல் இதழ் நூலாய் அவிழ்ந்து வந்தது. இரண்டாவது இதழ்... கண்ணீர் மறைத்து ஊசி தெரியவில்லை. குஞ்சத்து மணிகள் உதிர்ந்து மேசையில் உருண்டன.

விஜயலெட்சுமி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப் போன அவள் விரல், மீதமிருந்த பூவொன்றின் மேல் மெல்ல நகர்ந்தது.

"நில்லு புள்ள."

ஊசி நின்றது.

"இத்தன வருசமா எத்தன மொட்டக் கிள்ளி எறிஞ்சிருப்பேன்... ஒத்தப் பூவ நின்னு பாத்ததில்ல. பாத்தா கை நின்னுரும்ல? கை நின்னா பேரு விழாதே, அன்னைச் சம்பளம் போயிருமே..." பூவைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எம் பொண்ணு கூடை தூக்கப் போறதில்ல. பாங்கியில வேல பாக்குறா. அவ பூக்கட்டும். நாந்தான் பூக்கல... அவளாச்சும் பூக்கட்டும். பிரிச்சத மறுபடி தச்சுக் குடும்மா."

விதுஷா அந்தக் கறுத்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். லரீபா அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடி, "ஓடு புள்ள" என்றாள். "எங்க போவணும்னு எனக்குத் தெரியும். தையல் எங்கயும் போயிராது, ஓடு!"

ஓடினாள். நாற்றுமேடையில் அவன் இல்லை. குடையில்லாமல் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். வழுக்கி விழுந்து, எழுந்து, முழங்கையெல்லாம் சேறாகி... மேலே சரிவில், மழையில் நனைந்தபடி குழி தோண்டிக்கொண்டிருந்தான் நிஷாந்த்.

"மன்னிச்சிருங்க" என்றாள் மூச்சு வாங்க. "அன்னைக்கு நான் பேசினது... பேச்சே இல்ல. உங்க அம்மா நெனப்போட விளையாடிட்டேன்."

"பரவாயில்லைங்க..."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க! ஒரு தரமாவது கோவப்படுங்க!"

"உங்க மேல வர மாட்டேங்குதே..." என்றான் அவன் பாவமாய். "கட்டுநாயக்கவுக்கு எப்பப் போறீங்க?"

"போகல. சித்திகிட்ட சொல்லிருவேன். இந்த மலையில இன்னும் எவ்வளவோ இருக்கு, எல்லாத்தையும் பாக்கணும், எல்லாத்தையும் தைக்கணும்..." மழைத்தண்ணீர் இமையில் வழிய அவனை நேராகப் பார்த்தாள். "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. பூ காட்டினதுக்காக இல்ல. மொட்டைப் பாறையில நின்னிருந்தாலும் உங்களப் புடிச்சிருக்கும்."

 மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"எனக்கும்..." என்றான் கடைசியில். "பஸ்ல நீங்க என்னய முறைச்சப்பவே... ஆனா பயமா இருக்கு விதுஷா. பொண்ணு கேட்டு வர்றதுன்னா அம்மா அப்பா, மாமன் மச்சான்னு தட்டோட வரணும். எனக்கு யாரு இருக்கா? உங்க வீட்டு வாசல்ல நான் ஒத்தையா வந்து எப்படி நிப்பேன்?"

விதுஷா இரண்டடி முன்னால் வந்து, சேறு அப்பிய அவன் கையைத் தன் சேறு அப்பிய கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தையாவே வாங்க... அதான் கடைசி. அதுக்குப் பொறகு நீங்க எங்கயும் ஒத்தையாப் போக வேண்டி வராது."